ஒரு வீட்டில் இரு குடித்தனம்

கணினிக் கல்வியைக் கசடறக் கற்க வேண்டும் என்பது காரைக்கால் மாணவியராகிய நம் அனைவரின் ஆவல். ஆனால் நம் கணினி அறையில் நாம் காண்பது விண்டோஸ் ஒன்றே. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸில் தமிழிலேயே பணி செய்யலாமே! அதைக் கற்பதற்கு விண்டோஸை அழிக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. மெய்நிகர் கணினி மென்பொருள் இருந்தால், ஒரே வீட்டில் இரு குடித்தனம் போல, ஒன்றுக்குள் மற்றொன்றை இயக்கலாம்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? ஹைப்பர்-வி, விண்டோஸ் ஹோம் பதிப்பில் கிடையாது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். எனினும் அது நிறுவனம் தரும் சலுகை. கொடுத்த கையே நாளை அதைத் திரும்பப் பெறலாம். வர்ச்சுவல்பாக்ஸ் அப்படியன்று. 2008இல் சன், 2010இல் ஆரக்கிள் என்று கைமாறிய பின்னும் அதன் அடிப்படைத் தொகுப்பு திறந்த மூலநிரலாகவே நிலைத்திருக்கிறது. ஆகவே அதுவே பள்ளிக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து.

பழைய கணினி தாங்குமா என்பர் சிலர். நியாயமான கேள்வியே! 4 ஜிபி நினைவகத்தை இருவர் பங்கிட்டால் இருவருமே தள்ளாடுவர். ஆதலால் 8 ஜிபி உள்ளவற்றில் மட்டும் நிறுவினால் போதும். முறை வைத்துப் பயில்வோம்.

இதன் பெரும்பயன் வேறொன்று. 'ஸ்நாப்ஷாட்' எடுத்து வைத்தால், எது பழுதானாலும் முன்னைய நிலைக்கு மீளலாம். "தொடாதே, கெட்டுவிடும்" என்ற சொல்லுக்கு அஞ்சியே எத்தனை பெண்கள் விலகி நிற்கின்றனர்! தோழியரே, அந்த அச்சம் இனி வேண்டாம். தொட்டுப் பார்ப்போம், பிரித்துப் பார்ப்போம், கற்றுத் தெளிவோம்.