கூலியும் முதுமையும்



கல்லங்குறிச்சி மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் உண்டு. அரியலூரில் 1979-இல் அரசு சிமெண்டு ஆலை ஏற்பட்டது. பின்னர் தனியார் ஆலைகளும் வந்தன. அக்கல்லை வெட்டியும் லாரியில் ஏற்றியும் குடும்பம் காத்த கரங்கள் பல இன்று தளர்ந்துவிட்டன. அவற்றில் மிஞ்சியது என்ன?

நிரந்தரத் தொழிலாளியின் நிலை வேறு. நாம் எண்ணுவது ஒப்பந்தக் கூலியை. கூலி சிறிது உயர்ந்தால் அரிசியும் பள்ளிக் கட்டணமும் அதனினும் விரைந்து உயர்கின்றன. சேமிக்கத் தெரியாதவர் என்று அவரைக் குறை கூறுவது எளிது. மிச்சமே இல்லாதவர் எதைச் சேமிப்பார்?

சேமநிதி இருக்கிறதே என்பீர்கள். 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கைப் பாருங்கள்: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி, எழுபதால் வகுக்க வேண்டும். ஏட்டில் 7,000 ரூபாய் எழுதப்பட்டவர் 15 ஆண்டு உழைத்தால் மாதம் 1,500 ரூபாய். அதாவது, நாளொன்றுக்கு ஐம்பது. விலைவாசி ஏறினும் அது தானாக ஏறாது. ஏட்டில் சம்பளத்தைக் குறைத்து எழுதுபவர், தொழிலாளியின் முதுமையிலிருந்தே திருடுகிறார் என்போம்.

பத்தாண்டு நிறையாவிடில் அந்த ஓய்வூதியமும் இல்லை. ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் புதுக் கணக்குத் தொடங்கி, பழைய பணத்தை மகளின் திருமணத்துக்கென எடுத்துவிட்டால் ஆண்டுகள் சிதறிப்போகும். ஆகவே ஒரே பொதுக் கணக்கு எண்ணைத் தொடரச் சொல்லுங்கள். வேலை நின்றால் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் கேட்டுப் பெறுங்கள்.

1891-இல் பாப்பிறை 13-ஆம் சிங்கராயர் தம் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், சிக்கனமாய் வாழும் தொழிலாளி குடும்பத்தைப் பேணியபின் சிறிது மீதம் பிடிக்கவும் கூலி போதுமானதாயிருக்க வேண்டுமென உணர்த்தினார். (2025-இல் பாப்பிறையானவர் அதே பெயரைத் தேர்ந்துகொண்டதற்கு அம்மடலையே முதற்காரணமாகக் கூறினார்.) 1981-இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், முதுமைக்கால ஓய்வூதியத்தைத் தொழிலாளியின் உரிமைகளுள் ஒன்றாக வைத்தார். சலுகையாக அன்று, உரிமையாக.

ஆலை முதலாளிகளை மட்டும் சுட்டிவிட்டு நாம் தப்ப முடியாது. சேமநிதிச் சட்டம் பொதுவாக இருபது பேருக்குக் குறையாத நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். நம் பங்குகளிலும் விடுதிகளிலும் சமையல் செய்பவர், காவல் இருப்பவர், கோயிற்பிள்ளை ஆகியோர் எத்தனை பேர்? அவர்களுள் நாற்பது வயதுக்குட்பட்டவர் 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். அந்த மாதத் தவணையைப் பங்கே செலுத்தினால் என்ன? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதைக் கேட்டு, கிடைக்கும் பதிலை நமக்கு எழுதுங்கள்.