முன்னெழுத்தும் மட்டுறுத்துநரும்

என் இளங்கலைத் தோழன் ஒருவன் பெங்களூரில், கணினி விளையாட்டுகளுக்கு முப்பரிமாண உருக்கள் செய்துதரும் நிறுவனம் ஒன்றில் ஐந்தாண்டுகள் பணியாற்றினான். வெளிநாட்டு நிறுவனங்கள் வெளியிடும் பெரும் விளையாட்டுகளில் வரும் காரின் சக்கரம், சுவரில் உதிர்ந்த காரை, மரப்பட்டை ஆகியவை அவன் கைவேலை. விளையாட்டை முடித்தபின் திரையில் ஓடும் பெயர்ப்பட்டியலில், பார்ப்பவர் எழுந்துபோன பிறகு வரும் பகுதியில், நான்கு நெடுவரிசைகளில் நெருக்கி அடுக்கப்பட்ட இந்தியப் பெயர்களுக்கு நடுவே அவன் பெயரும் இருக்கும். சில விளையாட்டுகளில் இராது. இருந்த இடங்களிலும் ஒரே வடிவில் இருந்ததில்லை.

அவன் பெயரைக் கார்த்திக் என்றும் தந்தையார் பெயரை முருகேசன் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் உண்மைப் பெயர்கள் அல்ல. ஒரு விளையாட்டில் ‘எம். கார்த்திக்’, மற்றொன்றில் ‘கார்த்திக் எம்’, மூன்றாவதில் ‘கார்த்திக் முருகேசன்’, நான்காவதில் ‘முருகேசன் கார்த்திக்’. கணினி விளையாட்டுகளின் விவரங்களைத் தன்னார்வலர்கள் கூடித் தொகுக்கும் தரவுத்தளம் ஒன்றில் இந்த நால்வரும் நான்கு தனி மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு விளையாட்டு. வெளிநாட்டு வேலை ஒன்றுக்கான நேர்காணலில், ‘உங்கள் பெயரில் ஒரு விளையாட்டுத்தானே காண்கிறது’ என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள். அன்றிரவு அவன் என்னை அழைத்தான். அத்தரவுத்தளத்தில் நான் பங்களிப்பாளன் என்பது அவனுக்குத் தெரியும்.

நான்கு பக்கங்களையும் ஒன்றிணைக்குமாறு விண்ணப்பித்தேன். ‘சான்று என்ன?’ என்ற வினாவுடன் மறுக்கப்பட்டது. ‘அவனையே கேட்டேன்’ என்று எழுதினேன், ஏற்கப்படவில்லை. அவன் தன் தொழில்முறைப் பக்கத்தில் இட்டிருந்த பணிப்பட்டியலை இணைத்தேன்; அது அவனே எழுதியது, ஆகவே சான்றாகாது என்றார்கள். மூன்றாம் முறை விடையே வரவில்லை. எழுதக்கூடாத சொற்கள் சிலவற்றை அந்த மட்டுறுத்துநருக்கு எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இத்தகைய பூசல்களைப் பற்றிப் பேசும் நண்பர்கள் பெரும்பாலும் இதைக் குணக்கேடாகவே விளக்குகிறார்கள். மட்டுறுத்துநர் அதிகார மமதை கொண்டவர். அல்லது பங்களிப்பாளர் பொறுமையற்றவர். எனக்கு இவ்விளக்கம் போதவில்லை. இரு தரப்பும் ஊதியமின்றி உழைக்கின்றன. இரு தரப்புக்கும் அந்தத் தொகுப்பின்மீது உண்மையான பற்று உண்டு. பற்றில்லாதவன் ஒரு புள்ளிக்காகவும் இடைவெளிக்காகவும் மூன்று முறை மன்றாடமாட்டான். மூன்று முறை மறுக்கவும் மாட்டான்.

சண்டை எதைப் பற்றியது என்று பார்த்தால், அது இரு வகை உண்மைகளைப் பற்றியது. மட்டுறுத்துநர் காப்பது ஆவணத்தின் உண்மையை: திரையில் என்ன அச்சாகியுள்ளதோ அதுவே பதியப்படவேண்டும். பங்களிப்பாளர் கோருவது மனிதனின் உண்மையை: அந்த எழுத்துகள் சுட்டும் ஆள் யார் என்பது பதியப்படவேண்டும். விளையாட்டின் தலைப்பைப் பெட்டியின் முகப்பில் உள்ளபடி எழுதுவதா, தொடக்கத் திரையில் உள்ளபடி எழுதுவதா. சப்பானிய நாட்டில் ஓர் ஆண்டிலும் அமெரிக்காவில் மறு ஆண்டிலும் வெளிவந்த விளையாட்டின் ஆண்டு எது என்ற பிணக்குகள் எல்லாம் இதன் கிளைகளே. ஆனால் ஆட்பெயரில் அது கூர்மை அடைகிறது. தலைப்புக்கு வலிக்காது.

தமிழ்ப்பெயரின் அமைப்பு இங்கே பெரும் தொல்லை தருகிறது. முன்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் கொண்ட படிவத்தில் நம் பெயர் பொருந்துவதில்லை. முன்னெழுத்து என்பது குடும்பப்பெயரின் சுருக்கம் அன்று. தந்தை பெயரின் தடம். கடவுச்சீட்டுப் படிவத்தின் கட்டாயத்தால் அது விரிந்து தந்தை பெயராகிறது. வெளிநாட்டு ஆவணத்தில் தந்தை பெயரே மகனின் குடும்பப்பெயர் ஆகிவிடுகிறது. பெயர் முழுவதையும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் நிரப்பியவருக்கு அமெரிக்க நுழைவிசைவில் ‘முன்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் சுருக்கமான எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்தே முன்பெயராக அமைந்துவிடும். திருமணத்திற்குப் பின் முன்னெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்ணின் பணிவரலாறு பாதியில் அறுந்து, வேறொருத்தி புதிதாகப் பிறந்ததுபோல் தொடர்கிறது. இத்தனையும் நிகழ்ந்த பிறகுதான் பெயர் திரைக்கு வருகிறது. திரையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் பதிந்தால் ஆவணத்திற்கு நேர்மையாக இருந்தோம் என்ற நிறைவு கிடைக்கும். ஆனால் அந்த ஆவணமே ஏற்கெனவே பல படிவங்களின் பிழைகளைச் சுமந்து வந்தது.

இதுவரை நான் என் கட்சியை மட்டும் பேசினேன். மறுபாதி எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

ஓராண்டு கழித்து, இந்தியப் பெயர்களை அறிந்தவர் தேவை என்று என்னையே சரிபார்க்கும் பணிக்கு அழைத்தார்கள். ஏற்றேன். முனைவர் பட்டக் களப்பணிக்கு நடுவே, இரவு பதினொரு மணிக்கு மேல் வரிசையைத் திறந்தால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் காத்திருக்கும். இரண்டாம் மாதத்தில், ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த, ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் கொண்ட இரு பக்கங்களை ஒன்றிணைக்குமாறு ஒருவர் கேட்டிருந்தார். இருவரும் ஓவியப் பிரிவு. ஐயமே எழவில்லை, இணைத்தேன். மொழியியல் படித்த திமிரும் அதில் இருந்தது. ஆறு வாரங்களுக்குப் பின் ஒரு பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. ‘இவற்றில் பாதி என் வேலை இல்லை. என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி அமர்ந்திருந்த இன்னொருவருடையது. அவர் இப்போது பணியில் இல்லை. தன் பக்கம் எங்கே போயிற்று என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?’ என்று எழுதியிருந்தார்.

இணைப்பதற்குப் பொத்தான் உண்டு, பிரிப்பதற்கு இல்லை. பத்தொன்பது விளையாட்டுகளின் பெயர்ப்பட்டியல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அந்தப் பெண்மணியின் உதவியுடன் பதினேழைப் பிரித்தேன். இரண்டு இன்றும் பிரியவில்லை. அன்று முதல் ‘சான்று என்ன?’ என்ற வினாவை நான் வேறு காதுடன் கேட்கிறேன். பிரிந்துகிடக்கும் பெயரை என்றேனும் சேர்க்கலாம். தவறாகச் சேர்ந்த பெயரைப் பிரிக்கும் தகவல் இணைத்த கணத்திலேயே அழிந்துவிடுகிறது. என் விண்ணப்பத்தை மறுத்தவர் சோம்பலால் மறுக்கவில்லை என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆய்வு மாணவர்கள் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும். விளையாட்டுத் துறையின் தொழிலாளர் வரலாற்றை எழுத முனைவோர் இத்தரவுத்தளங்களிலிருந்து பெயர்களை மொத்தமாக இறக்கி எண்ணுகிறார்கள். ஒருவர் நால்வராகப் பிளந்த இடத்தில், ஒரு விளையாட்டுடன் தொழிலை விட்டோடிய நான்கு தற்காலிகப் பணியாளர்கள் தோன்றுவார்கள். இருவர் ஒருவராகக் கலந்த இடத்தில், ஒரே ஆண்டில் ஐந்து விளையாட்டுகளில் உழைத்த அசுர மனிதர் தோன்றுவார். இரண்டு பிழையும் குடும்பப்பெயர் உடைய சுவீடன்காரரைவிட முன்னெழுத்து உடைய நம்மவரிடமே மிகுதியாக நேரும். அதன்மேல் ‘இந்தியப் பணியாளர்கள் நிலைத்து நிற்பதில்லை’ என்று ஒரு முடிவை எழுப்புவது எவ்வளவு எளிது!

நம்முடைய பதிப்பு மரபுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஏட்டில் உள்ளதை உள்ளபடி பெயர்த்தெழுதுவதா, பொருளுக்கு உகந்த பாடத்தைத் தெரிவதா என்ற வினாவை உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்திலேயே எதிர்கொண்டார். அவரும் அவர் காலத்துப் பதிப்பாசிரியர்களும் கண்ட வழி, ஒரு பாடத்தைத் தெரிந்து மூலத்தில் வைத்துவிட்டுத் தள்ளியதையும் பிரதிபேதமாகக் கீழே காட்டுவது. பதிப்பாசிரியர் தவறியிருந்தால் பின்வருபவர் அடிக்குறிப்பிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். தரவுத்தளப் பூசல்களில் இல்லாதது இந்த அடிக்குறிப்பே. ஏற்கப்பட்ட பதிவு மட்டும் பக்கத்தில் நிற்கிறது. மறுக்கப்பட்டது, மறுத்ததற்கான காரணம், மறுத்தவர் கொண்டிருந்த ஐயம் எல்லாம் இருவரின் தனிக்கடிதத்தோடு மறைகின்றன. அதனால் அடுத்து வரும் பங்களிப்பாளர் அதே விண்ணப்பத்தை அதே நம்பிக்கையுடன் இடுகிறார். அதே கசப்புடன் திரும்புகிறார்.

செய்ய இயலாத காரியம் அன்று இது. இசைத்தொகுப்புகளுக்கான மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில், கலைஞர் என்ற ஆள் வேறு, ஒரு குறிப்பிட்ட இசைத்தட்டில் அவர் பெயர் அச்சான வடிவம் வேறு எனத் தனித்தனியே பதியும் அமைப்பு இருக்கிறது. பலவகைத் திருத்தங்கள் ஏழு நாள் வாக்கெடுப்புக்குத் திறந்து வைக்கப்படுகின்றன. திருத்தத்தோடு எழுதிய குறிப்புகளும் எதிர்வாதங்களும், திருத்தம் தோற்றாலும் வரலாற்றில் நிற்கின்றன. அங்கே சண்டையே இல்லை என்று சொல்லமாட்டேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க முடிகிறது.

அத்தளம் தோன்றிய கதையும் நினைவுகூரத் தக்கது. 1990களில் குறுந்தகடுகளின் பாடற்பெயர்களைப் பயனர்களே தட்டச்சு செய்து சேர்த்த சி.டி.டி.பி. என்னும் தொகுப்பு, வணிக நிறுவனத்தின் கைக்குப் போய்க் கிரேஸ்நோட் ஆயிற்று. தாம் உழைத்துச் சேர்த்தது பிறர் உடைமையானதைக் கண்ட கசப்பிலிருந்துதான், அடிப்படைத் தரவுகள் எவருக்கும் உடைமையாகாத ஒரு தொகுப்பு வேண்டும் என்ற முயற்சி பிறந்தது.

விளையாட்டுத் துறையின் மூத்த தொகுப்பான மோபிகேம்ஸ் இதற்கு மறுபக்கம். ஜிம் லெனர்டும் பிரையன் ஹெர்ட்டும் 1999இல் தொடங்கிய அத்தளத்தில், தன்னார்வலர் இடும் ஒவ்வொரு பதிவையும் ஒப்புதல் அளிப்போர் பார்த்த பின்பே வெளியிடும் முறை வளர்ந்தது. 2010இல் கேம்ஃபிளை என்ற வாடகை நிறுவனம் அதை வாங்கியது. 2013 செப்டம்பரில் தளத்தின் அமைப்பு முழுவதும் மாற்றப்பட்டபோது, பல ஆண்டுகள் உழைத்தவர்கள் கொதித்தெழுந்தனர். தீவிரப் பங்களிப்பாளர் பலர் கைகட்டி நின்றனர். அவ்வாண்டின் இறுதியில் புளூ ஃபிளேம் லேப்ஸ் அதை வாங்கிப் பழைய தோற்றத்தை மீட்டது. 2022இல் அடாரி 15 லட்சம் டாலருக்கு வாங்கியது.

அடாரி என்ற பெயரில் ஒரு முரண்நகை உண்டு. 1970களின் இறுதியில், தன் விளையாட்டுகளை எழுதிய நிரலாளர்களின் பெயரை வெளியிட மறுத்தது அந்நிறுவனம். அதில் மனம் கசந்த சிலர் 1979இல் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கினர். வாரன் ராபினெட் என்பவர் தாம் எழுதிய ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில் ஓர் இரகசிய அறை அமைத்து அதற்குள் தம் பெயரை ஒளித்து வைத்தார். இன்றைய அடாரி அதே நிறுவனம் அன்று, பெயரை மட்டும் தாங்கியது என்பது உண்மைதான். ஆயினும் உழைத்தவர் பெயரை மறைத்த பெயர்ப்பலகையின் கீழ், உழைத்தவர் பெயர்களின் மிகப்பெரும் தொகுப்புகளுள் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. ராபினெட்டின் இரகசிய அறையும் என் தோழனின் நான்கு பக்கங்களும் எனக்கு ஒரே வரலாற்றின் இரு முனைகளாகத் தோன்றுகின்றன.

ஒவ்வொரு விற்பனையின்போதும் பங்களிப்பாளரும் மட்டுறுத்துநரும் ஒரே நிலையில்தான் இருந்தனர். இருவர் கையிலும் எதுவும் இல்லை. ஒரு முன்னெழுத்தின் இடத்திற்காக நள்ளிரவு வரை வாதிட்ட இருவரும், மறுநாள் காலையில் தம் வாதம் நடந்த மாளிகை வேறொருவர் பெயருக்கு மாறியதைச் செய்தியாகத்தான் அறிய முடியும். தன்னார்வத் தொகுப்புகளின் ‘சனநாயகம்’ பற்றி எழுதும் நம் துறையினர், மட்டுறுத்துநர்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும், நீக்கும் உரிமை வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைக்கிறார்கள். தவறில்லை. தரவை முழுமையாக எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை இல்லாத இடத்தில், வாயிற்காவலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையால் என்ன மாறிவிடும் என்பதே என் ஐயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயர் அறிந்த உள்ளூர்க்காரரிடம் ஒப்படைத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பித்தான் என்னை அழைத்தார்கள். உள்ளூர்க்காரனான நான்தான் இரு பெண்களை ஒருத்தியாக்கினேன்.

சரிபார்க்கும் பணியிலிருந்து சென்ற ஆண்டு விலகிவிட்டேன், ஆய்வேட்டை முடிக்கவேண்டும். விலகுமுன் அந்த இரண்டு விளையாட்டுகளின் பக்கத்திலும், ‘இப்பெயர் இருவருள் யாரைக் குறிக்கிறது எனத் துணிய இயலவில்லை’ என்று குறிப்பு எழுதி வைத்தேன். குறிப்புக் கட்டத்தில் பெயர்களைப் பற்றி எழுதுவது விதிக்குப் புறம்பு என்று இரு வாரத்தில் ஒருவர் நீக்கினார். மீண்டும் எழுதினேன், இம்முறை காரணத்தையும் சேர்த்தேன். இதை எழுதும் இன்று வரை அது அங்கேயே இருக்கிறது. கார்த்திக் இப்போது ஓசூரில் வேறு வேலையில் இருக்கிறான். அவன் இன்னும் நான்கு பேராகத்தான் இருக்கிறான்.