பணத்தால் நஞ்சை அளக்கலாமா?

சட்டம் படித்தவன் எந்தப் பத்திரத்தைக் கண்டாலும் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றே: இது எதற்குச் சான்று பகர்கிறது? பிரான்சு தேசத்து வைன் போத்தல்களில் ஒட்டப்படும் சுற்றாடல் முத்திரையையும் அக்கேள்விக்கு உட்படுத்துவோம்.

'உயர் சுற்றாடற் பெறுமதி' என்பது அம்முத்திரையின் பெயர். 2011ஆம் ஆண்டில் அரசாணை மூலம் அது பிறந்தது. தோட்டத்தின் உயிரினப் பெருக்கம், கிருமிநாசினி, பசளை, நீர்ப்பாவனை ஆகிய நான்கையும் சோதித்து, புள்ளியிட்டு, தகுதியுடையோருக்கு அத்தாட்சி வழங்குவது ஒரு வழி. இதனை யார் குறைகூற முடியும்?

ஆனால், இரண்டாவது வழியொன்றும் திறந்துவிடப்பட்டிருந்தது. வேலிமரங்களும் புல்நிலமும் குறித்த அளவில் இருந்து, பசளை, மருந்து, எரிபொருள் முதலியவற்றின் செலவு விற்பனை வருமானத்தில் 30 சதவீதத்தை மேவாதிருந்தாற் போதும், முத்திரை கிடைத்துவிடும்!

இதன் பொருள் என்ன? இரு தோட்டக்காரர் ஒரே அளவாக 20,000 யூரோ செலவிடுகின்றனர் என வைத்துக்கொள்வோம். ஒருவர் 100,000 யூரோவுக்கு விற்கிறார், செலவு 20 சதவீதம், அவர் சித்தியடைந்தார். மற்றவர் 50,000 யூரோவுக்கு விற்கிறார், செலவு 40 சதவீதம், அவர் தவறினார். விசிறிய நஞ்சு ஒன்றே. மண்ணுக்கு விளைந்த கேடும் ஒன்றே. வேறுபட்டது போத்தலின் விலை மாத்திரமே! இது நீதியா?

பலரும் கண்டித்த பின்னர் 2022இல் விதிகள் திருத்தப்பட்டு, 2023இலிருந்து அவ்வழி அடைக்கப்பட்டது. ஒரு பிழையான அளவுகோலை அகற்றப் பத்தாண்டுகளுக்கு மேற் சென்றது.

யாழ்ப்பாணத்திலும் முந்திரிகைப் பந்தல்கள் உண்டு. சுண்ணக்கற் பாறையின் மேல் வாழும் நமக்குக் கிணறே ஆறு. இன்று தோட்டத்துக்கு அளவின்றி இட்ட பசளை நாளை குடிநீரில் நைத்திரேற்றாக வருகிறது. எனவே கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அது எத்தகையது? 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, அவ்வாண்டிலேயே தடையைக் கைவிட்ட அரசின் அவசரத்தை நம் கமக்காரர் மறந்திலர்.

படிப்படியாக, மனமுவந்து ஏற்கும் அத்தாட்சி முறையே நமக்கு ஏற்றது. அது வருமானத்தை அளவாது, விசிறிய நஞ்சை அளக்கட்டும். கிணற்று நீரைச் சோதிக்கட்டும். சோதனைச் செலவைச் சிறு தோட்டக்காரர் தனித்துச் சுமக்கலாகாது. கூட்டுறவுச் சங்கங்கள் பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.

விதி எழுதப்படும் மேசையிற் கமக்காரருக்கு ஆசனம் வேண்டும். படித்தோர் விதியின் ஒவ்வொரு சொல்லையும் வாசிக்கட்டும். கமக்காரர் அதனைத் தோட்டத்தில் வைத்து நிறுத்துப் பார்க்கட்டும். இருவரும் ஒன்றுபட்டால், முத்திரை பொய் சொல்லாது.