சாகசப் படமும் 'லாஜிக்' நோயும்

சாகசப் படம் பார்த்துவிட்டு அரங்கிலிருந்து வெளிவரும் இளைஞர் வாயில் இன்று முதலில் பிறக்கும் சொல் 'லாஜிக்'. ஒருவன் பத்துப் பேரை அடிப்பானா, அவ்வளவு உயரத்திலிருந்து குதித்தவன் பிழைப்பானா என்று கேட்டுவிட்டால் விமர்சனம் முடிந்தது என எண்ணுகிறார். திண்டுக்கல்லில் வகுப்பறையிலும் இதைக் கேட்கிறோம். தேநீர்க் கடையிலும் கேட்கிறோம். இரண்டரை மணி நேரம் வாய்பிளந்து பார்த்தவரே, வெளியே வந்ததும் தாம் மகிழ்ந்ததற்காக வெட்கப்படுகிறார் என்பதே நம் வருத்தம்.

யதார்த்தம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது எங்கே வேண்டும் என்பதே கேள்வி. இதற்கு விடைதேட மேலைநாட்டுக் கோட்பாடுகளிடம் போகவேண்டியதில்லை. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சொல்லி, இரண்டும் கூடியதே புலனெறி வழக்கம் என்றார் தொல்காப்பியர். அவர் சொன்னது அகப்பாடலுக்கு. ஆயினும் சாகசப் படத்தை அளக்க இதனினும் நல்ல கோல் நமக்குக் கிடைக்கவில்லை.

பி.ஆர்.பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.ஆரின் வாள்வீச்சு நாடக வழக்கு. ஆனால் மருத்துவன் ஒருவன் தன் தொழிலறத்தைச் செய்ததற்காக அடிமையாக விற்கப்படுகிறானே, அது உலகியல். கொத்தடிமை முறையைக் கண்ட நாட்டில் அந்தத் துயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது மெய்யாக இருப்பதால்தான் வாள்வீச்சின் மிகை நமக்கு இனிக்கிறது. 2014இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோதும் சென்னையில் அப்படம் பல வாரங்கள் ஓடியது. வாள் எத்தனை பேரை வீழ்த்தியது என்று கணக்கிடவா அவ்வளவு பேர் போனார்கள்?

இனி, 'லாஜிக்' அன்பர்கள் மெச்சும் ஆலிவுட்டுக்கு வருவோம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் இந்தியானா ஜோன்ஸ் வரிசையில் 1984இல் வந்த இரண்டாம் படத்தில், நாயகன் விழப்போகும் விமானத்திலிருந்து ரப்பர் படகோடு குதித்து இமயப் பனியில் சறுக்கிப் பிழைக்கிறான். இது பொய், ஆனால் யாருக்கும் தீங்கில்லாத பொய். அதே படத்தில் இந்திய அரண்மனை விருந்தில் குரங்கு மூளையைப் பரிமாறுகிறார்கள். இது ஒரு மக்களை இழிவுசெய்யும் பொய். திரைக்கதையை இந்திய அரசு ஏற்காததால் படப்பிடிப்பின் ஒரு பகுதி இலங்கைக்குப் போயிற்று. நம் அன்பர்களோ படகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். விருந்தைப் பார்த்து ஒன்றும் கேட்பதில்லை.

நம் படங்கள் மட்டும் யோக்கியமா? மலைவாழ் மக்களுக்கு இறகு சூட்டி, பொருளற்ற ஒலி எழுப்பி ஆடவிடும் காட்சிகள் எத்தனை! சிறுமலையிலும் பழனி மலையிலும் பளியர் வாழும் மாவட்டம் இது. அவர்கள் பிள்ளைகளும் நம் அரங்குகளில் அமர்ந்து படம் பார்க்கிறார்கள். 'லாஜிக்' எங்கே என்று உரக்கக் கேட்கவேண்டிய இடம் அதுதான்.

சாகசப் படம் மக்களை மயக்குகிறது, திரைவீரனை மெய்வீரனாக நம்பவைக்கிறது என்று கற்றோர் சிலர் வாதிடுவர். கட்சி தொடங்கி ஓராண்டும் ஆகாத எம்.ஜி.ஆர். நிறுத்திய மாயத்தேவர், 1973 மே மாதம் நம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வென்றதைச் சான்றாகவும் காட்டுவர். திரைப்புகழ் அரசியலுக்கு உதவியதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாக்களித்தவர் அனைவரும் வாள்வீச்சில் மயங்கிய பேதையர் என்பதை ஏற்கமாட்டோம். பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்து பேர்பெற்ற ஊருக்கு அட்டைக்கத்தி எது, இரும்புக்கத்தி எது என்று வெளியூரார் வந்து சொல்லித்தர வேண்டாம்.

ஆகவே அன்பர்களே, நாயகன் மலைக்கோட்டை உச்சியிலிருந்து குதிரையோடு பாயட்டும். கைதட்டி மகிழுங்கள், வெட்கம் வேண்டாம். அவன் யாரை மீட்கப் பாய்கிறான், அந்த மனிதரை மனிதராகக் காட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அங்கே பொய் இருந்தால் படத்தை விடாதீர்கள். நாமும் உங்களோடு சேர்ந்து கேட்போம்.