எதனது வீதம்?

எண்ணும் எழுத்தும் இரு வேறு துறைகள் என்று நம் பாடசாலைகளின் நேரசூசி பிரித்து வைத்திருக்கிறது. வள்ளுவர் அவ்வாறு பிரித்தாரல்லர். கல்வி என்னும் அதிகாரத்தில் இரண்டுக்கும் ஒரே தகுதியை அளித்தார். அவற்றுள்ளும் எண்ணையே முன்வைத்தார். ஆதலால் இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியன் கணக்கைப் பற்றிக் கருத்துரைக்கப் புகுவது எல்லை மீறுதல் ஆகாது. அதுவன்றியும், நம் மாணாக்கர் இடர்ப்படும் கணக்கு வகை ஒன்றில் குற்றம் எழுத்தின்பாற்பட்டதே என்பது என் துணிபு.

அவ்வகை யாது? ஒரு பொருளின் விலையைத் தந்து, அதனோடு வரி சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்பது நேர்க்கணக்கு. வரி சேர்ந்த விலையைத் தந்து, சேருமுன் எவ்வளவு என்று கேட்பது மீள்கணக்கு. முன்னதை எளிதிற் செய்து முடிக்கும் மாணாக்கர் பின்னதில் இடறி விழுகின்றனர்.

இலங்கையில் பெறுமதி சேர் வரி 2024 சனவரி 1 முதல் 18 வீதம் ஆயிற்று. குடை ஒன்றின் விலை வரியுட்பட 1,770 ரூபா என்று கொள்வோம். வரி நீங்கிய விலை யாது என்று வினவினால், மாணவன் 1,770 இல் 18 வீதம் காண்கிறான். அது 318 ரூபா 60 சதம். அதனைக் கழித்து, 1,451 ரூபா 40 சதம் என்று எழுதி வைக்கிறான். பெருக்கல் சரி, கழித்தலும் சரி, விடை பிழை! அவன் கண்ட விடைக்கே 18 வீதத்தைக் கூட்டிப் பார்த்தால் 1,712 ரூபா 65 சதமே வருகிறது. கடைக்காரர் அவ்விலைக்குக் குடையைத் தரமாட்டார். உண்மை யாதெனில், 1,770 என்பது 118 பங்கு. ஒரு பங்கு 15 ரூபா. ஆகவே 100 பங்கு 1,500 ரூபா. வரி 270 ரூபா.

இப்பிழையின் வேர் எங்கே இருக்கிறது? ‘18 வீதம்’ என்பது முற்றுப்பெறாத தொடர். ‘கிளை’ என்றால் ‘எம்மரத்தினது?’ என்றும், ‘கை’ என்றால் ‘யாருடைய?’ என்றும் கேட்கிறோமே, அவ்வாறே ‘18 வீதம்’ என்றாலும் ‘எதனது?’ என்று கேட்டாக வேண்டும். இங்கே ஆறாம் வேற்றுமை மறைந்து நிற்கிறது. நன்னூலார் அவ்வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் வகுத்தார். சாத்தனது கை என்பது தற்கிழமை. சாத்தனது வீடு என்பது பிறிதின்கிழமை. கை சாத்தனின் உறுப்பு. அவனை விட்டுப் பிரியாதது. வரியின் 18 பங்கும் அத்தகையதே. அது வரியில்லா விலையை முதலாகக் கொண்டு அளக்கப்பட்ட சினை. அதனை வரி சேர்ந்த விலையில் வைத்து அளப்பது, ஒருவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவனுக்கு மாட்டுவது போலாகும். ‘முதல்’ என்னும் சொல் வணிகனுக்கு இட்ட பணத்தையும், இலக்கணம் கற்றவனுக்குச் சினைகளையுடைய முழுப்பொருளையும் குறிப்பது எண்ணி மகிழத்தக்கது. மீள்கணக்கு என்பது சினையையும் அளவையும் கொண்டு முதலைத் தேடும் முயற்சியே.

இதனைக் கற்பிக்கும்போது எடுத்துக்காட்டும் விலைகள் மெய்யானவையாக இருத்தல் வேண்டும் என்பது நான் வற்புறுத்த விரும்பும் மற்றொன்று. மாம்பழம் 2 ரூபா, பேனா 5 ரூபா என்று இல்லாத சந்தையின் விலைகளைத் தந்தால், விடை எவ்வளவு பிழைத்தாலும் பிள்ளையின் மனம் உறுத்தாது. தெரிந்த பொருளாயின் அறிவு தானே விழித்துக்கொள்ளும். இப்பலாபத்வலையைச் சூழ்ந்த மாத்தளை நாட்டில் மிளகு விளைகிறது. பச்சை மிளகு உலர்ந்தால் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே எஞ்சும். உலர்ந்த மிளகு 10 கிலோ வேண்டுமாயின் பச்சை மிளகு எவ்வளவு வேண்டும்? குறைந்தது மூன்றில் இரண்டு பங்குதானே என்று, 10 கிலோவில் அப்பங்கைக் கண்டு கூட்டினால் 17 கிலோவுக்கும் குறைவாகவே வரும். கொடி வளர்த்தவர் யாரும் இதனை ஒப்புவரோ? ஏறத்தாழ 30 கிலோ வேண்டும் என்பதை ஏட்டுக்கல்வி இல்லாத முதியவரும் அறிவார். அவர் செய்வது மீள்கணக்கு என்பதை அவர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர்தாம் இலர்.

நம் முன்னோர் இந்நெறியை அறிந்திருந்தனர். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளிருக்கும் சுளைகளை அறிய ஒரு வழி கூறுகிறது. காம்பருகே உள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். அவ்வாய்பாடு எல்லாப் பழத்துக்கும் பொருந்துமோ என்பது வேறு ஆராய்ச்சி. புறத்தே தெரிவதைக் கொண்டு அகத்தே இருப்பதை அறியும் ஆசையை, முற்றத்துப் பழத்தைக் காட்டியே ஆசிரியர் தூண்டினார் என்பதே நாம் கற்க வேண்டியது.

இக்கல்வி இல்லாமையால் வரும் இழப்பு பரீட்சைப் புள்ளியோடு நில்லாது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வீதத்தில் 25 நாள் வேலைக்கு 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கென 8 வீதம், அதாவது 2,700 ரூபா கழிய, பிற கழிவுகள் இல்லையாயின் கைக்கு வருவது 31,050 ரூபா. கைக்கு வந்த தொகையைக் கொண்டு சம்பளத்தைச் சரிபார்க்க முனையும் மகன் 31,050 இல் 8 வீதத்தைக் கூட்டினால் 33,534 ரூபா என்பான். 216 ரூபா குறைகிறது. சீட்டில் அத்தொகை குறைத்து எழுதப்பட்டாலும் ‘சரி’ என்பான். சரியாக எழுதப்பட்டிருந்தால் வீணே ஐயுறுவான். 31,050 என்பது 92 பங்கு என்று உணர்ந்தவனோ, 92 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கி, தாய்தந்தையரின் உழைப்புக்குச் சரியான சாட்சியாய் நிற்பான். பண்டிகைக் காலக் கழிவு விற்பனையும் இத்தகையதே. 4,000 ரூபாச் சேலையின் விலையை 25 வீதம் உயர்த்தி 5,000 என எழுதி, பின் 20 வீதம் கழித்தால் மீண்டும் 4,000 ரூபாவே. உயர்த்திய வீதத்துக்கும் கழித்த வீதத்துக்கும் முதல் வெவ்வேறு என்பதை அறிந்தவரை விளம்பரம் ஏமாற்றாது.

மெய்யான விலைகள் முழு எண்ணாக அமையா. பின்னங்களிற் சிக்கி மாணவன் முறையை மறப்பான் என்பாரும் உளர். அதில் நியாயம் உண்டு. ஆயினும், மெய்யான விலைகளுள்ளேயே 1,770 போல இயைந்து வருவனவற்றை முதலிற் கொண்டு, முறை படிந்தபின் சில்லறையோடு கூடியவற்றைக் கொடுக்கலாம். விலைகள் மாறிவிடுமே என்பது மற்றொரு தடை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மியதை நாம் மறந்தோமில்லை. அதற்குப் பரிகாரம், கணக்கில் விலையோடு ஆண்டையும் எழுதுவதே. 100 ரூபாப் பொருள் 70 வீதம் ஏறி 170 ஆனால், பழைய விலைக்குத் திரும்ப எத்தனை வீதம் குறைய வேண்டும் என்று கேட்போம். 70 என்று விடை கூறும் பிள்ளைக்கு, ஏறத்தாழ 41 என்பதை விளக்குவோம். பழைய விலையும் அவ்வாறு பாடமாகும்.

நான் வேண்டுவன மூன்றே. வீதக் கணக்கு எதுவாயினும், எண்ணைத் தொடுமுன் ‘இன்னதனது வீதம்’ என்று மாணவன் ஒரு முழுவாக்கியம் எழுதுக. கண்ட விடையை நேர்க்கணக்காகச் செய்து சரிபார்க்குக. கணக்காசிரியரும் தமிழாசிரியரும் தவணைக்கு ஒரு பாடவேளையேனும் ஒரே வகுப்பில் நின்று, கடைச் சிட்டைகளையும் சம்பளச் சீட்டுகளையும் மாணாக்கரோடு வாசிக்குக. இவற்றுக்குப் புதிய கட்டடமும் வேண்டா. பெரும் பணமும் வேண்டா. உழைப்பின் பயனைப் பிறர் எழுதிய தாளிற் பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அத்தாளை முழுதும் வாசிக்கக் கற்பிப்பது எழுத்தறிவித்தலின் ஒரு பகுதியே ஆகும்.