மழைக்காலத்தில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படம் வரையும்?

ஜூன் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் மும்பையில் குடையும் தார்ப்பாயும் வெளியே வரும். பிள்ளைகளின் வர்ணப் பெட்டி பரணுக்குப் போகும். தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து எழுந்திருக்கிற வீட்டில் ஒரு தாளை விரித்து வைக்க இடம் ஏது? வரைய வேண்டுமானால் வெளியேதான் வரைய வேண்டும். வெளியேயோ நான்கு மாதம் மழை. "தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தகப்பனார் சொல்லிவிடுகிறார். அதுவரை பிள்ளைக்கு அந்த ஆசை இருக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை.

படம் சோறு போடுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் பள்ளி மாணவர்களுக்கு எலிமெண்டரி, இன்டர்மீடியட் என்று இரண்டு ஓவியத் தேர்வுகளை நடத்துகிறது. தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் தரும் ஏற்பாடும் உண்டு. மராத்தி வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தமிழ் வீடுகளில் விசாரித்து வைத்திருப்பவர் குறைவு. பள்ளி திறப்பதே ஜூனில் என்பதால் பயிற்சியும் மழையோடுதான் தொடங்க வேண்டும்.

அந்த மழையோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே நாள் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர்தான். ஒரே ஊர், ஒரே நாள்! இப்படிப்பட்ட ஊரில் வானம் வெளுக்கட்டும் என்று காத்திருந்தால் நடக்காது; மழையை வைத்துக்கொண்டே வரையப் பழக வேண்டும்.

பழகினால் லாபமும் உண்டு. மே மாதத்து வெயிலில் தாளின் மேல்பக்கம் பூசிய நீர் வர்ணம், தூரிகை கீழே வருவதற்குள் காய்ந்து கோடு கோடாக நிற்கும். ஜூலையில் நேர்மாறு. முதல் பூச்சு நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். அவசரப்பட்டு அடுத்த பூச்சைப் போட்டால் இரண்டும் கலந்து சேறாகும். ஆனால் மழை மேகம் வரைய அந்த ஈரமே உதவி. ஈரத்தாளில் கருநீலத்தைத் தொட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டால் போதும், மேகம் தானே பரவிக்கொள்ளும். மெல்லிய தாள் நெளியும். நான்கு பக்கமும் ஒட்டுத் தாளால் பலகையில் ஒட்டிவிட வேண்டும். வெளிச்சம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மாறுவதால், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை முதலிலேயே பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு சூரியன் என்ன செய்தாலும் அதைத் திருத்தாமல் இருப்பது நல்லது. வர்ணம் வாங்க வசதியில்லாவிட்டால் ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். மை பேனாக் கோடு ஒரு துளி மழையில் கரைந்துவிடும், இது கரையாது. குமாஸ்தா வீட்டில் பால்பாயிண்ட் பேனாவுக்கும் ஒரு பக்கம் எழுதிய தாளுக்கும் என்ன பஞ்சம்?

இங்கிலாந்தின் கான்ஸ்டபிள் 1821, 1822-ஆம் ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து மேகங்களை மட்டும் வரைந்து தள்ளினார். பல படங்களின் பின்புறம் தேதி, மணி, காற்று வீசிய திசை எல்லாம் எழுதி வைத்தார், ஸ்டேஷன் மாஸ்டர் டைரி எழுதுவதைப் போல! அந்தக் காலத்தில் எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துப்போக வேண்டியிருந்தது. அமுக்கினால் வர்ணம் வரும் தகரக் குழாயை 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த பிறகே வெளியே போய் வரைவது சுலபமாயிற்று. டர்னர் 1844-இல் மழைக்கு நடுவே பாய்ந்து வரும் ரயிலையே படமாக்கினார். தாதரிலும் குர்லாவிலும் தினம் நின்று அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை எவராவது காட்டியிருப்பார்களா?

மழையில் நனைந்துகொண்டு வரையச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். தேங்கிய தண்ணீரில் கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வரும் என்று தாய்மார்கள் பயப்படுவது நியாயமே. தேவைப்படுவது தலைக்கு மேல் ஒரு கூரை, எதிரே திறந்த வெளி. இரண்டும் சேர்ந்த இடம் பள்ளிக்கூடத் தாழ்வாரம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் தாழ்வாரங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கின்றன. தமிழர் அமைப்புகளுக்கும் கூடங்கள் இருக்கின்றன. பட்டிமன்றத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் கதவு திறக்கிறவர்கள் இருபது பிள்ளைகள் உட்கார்ந்து மழையை வரைய ஏன் திறக்கக் கூடாது? ஓவிய ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஜே.ஜே. ஓவியப் பள்ளி 1857 முதல் இந்த ஊரிலேயே இருக்கிறது. அதன் மாணவர்களில் ஓரிருவரைக் கேட்டால் வந்து சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்பார்களா?

ஞாயிறு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தால் போதும். வாட்ச்மேனுக்கு டீச் செலவைப் பெற்றோர் பங்கிட்டுக்கொள்ளலாம். பள்ளி நிர்வாகத்துக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கும் வேலையை மட்டும் ஏப்ரலிலேயே தொடங்கிவிட வேண்டும். மே மாதம் பாதிப் பேர் திருநெல்வேலி ரயிலில் இருப்பார்கள்.