பாசாங்கு என்னும் பழி

மாடிப்படிகளை ஒவ்வொன்றாக ஏறிவிடுகிற ஒருவர் சமதரையில் நாலடி வைக்கமாட்டாமல் நின்றுவிட்டால், வீட்டாரும் உறவினரும் உடனே செய்துகொள்ளும் முடிவு, 'மனசு வைத்தால் நடப்பார். வேண்டுமென்றே பிடிவாதம் செய்கிறார்' என்பதுதான். பார்க்கின்ஸன் வியாதி என்று வைத்தியர்கள் கூறும் நடுக்குவாதத்தால் அவதியுறுகிறவர்கள் மீது நம் ஜனங்கள் சுமத்தும் அபவாதங்களில் இதைவிடக் கொடியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கையின் நடுக்கத்துக்கு இரங்குகிறவர்கள்கூடக் காலின் தயக்கத்துக்கு இரங்குவதில்லை. முன்னதை வியாதி என்றும் பின்னதைக் குணதோஷம் என்றும் பிரித்துவிடுகிறார்கள்.

என் பெரியப்பா பத்து வருஷம் இந்த வியாதியோடு வாழ்ந்தார். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் நிலைவாசலண்டை வந்ததும் அவருடைய பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். குதிகால்கள் மட்டும் எழும்பி எழும்பி நடுங்க, மார்பு முன்னே சாய, கை நிலையைத் தேடித் துழாவும். பின்னால் நிற்பவர்கள் "நடங்க, நடங்க" என்று அவசரப்படுத்துவார்கள். யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள். உடம்பு வரும், கால் வராது. இரண்டு தடவை அப்படி விழுந்தார். ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி தன் சின்னப் பாதத்தை அவர் பாதங்களுக்கு எதிரே குறுக்காக வைத்து, "தாத்தா, இதைத் தாண்டுங்க" என்றாள். தாண்டினார், அந்த ஓரடி அடுத்த அடியைக் கூட்டிக்கொண்டு வர, அடுப்பு மேடை வரையில் போய்ச் சேர்ந்தார். அதைப் பார்த்த என் அத்தை, "நான் சொன்னேனே, எல்லாம் பாசாங்கு!" என்றாள். அவருடைய நோய்க்கு அத்தாட்சியாக நின்ற காட்சியையே அவர் மீது குற்றச்சாட்டாக்கிவிட்டாள்.

நாம் யோசிக்காமல் நடக்கிறோம் என்றால், மூளையின் ஆழத்திலுள்ள நரம்புக் கருக்கள் அடியின் அளவையும் வேகத்தையும் நம்மைக் கேளாமலே நிர்வகித்து வருகின்றன என்று அர்த்தம். டோபமைன் என்னும் ரசாயனம் வற்றிப்போக, அந்த உள்நிர்வாகம் தளர்கிறது. ஆனால் தாண்டவேண்டிய கோடொன்றைக் கண் காட்டினாலும், அடிவைக்கவேண்டிய தாளத்தைக் காது கேட்டாலும், மூளை அந்தப் பழுதான பாதையை விலக்கி வேறு வழியாகக் காலுக்கு ஆணை அனுப்புகிறது என்பது நரம்பியல் அறிஞர்களின் விளக்கம். காலின் பலத்தில் குறையில்லை. புறப்படச் சொல்லும் உத்தரவில்தான் குறை. படியேறுகிறவர் சமதரையில் தடுமாறுவதன் ரகசியமும் இதுவே: ஒவ்வொரு படியும் ஒரு கோடு.

இது நேற்றுப் பிறந்த யோசனையன்று. லண்டன் நரம்பியல் வைத்தியர் பர்டன் மார்ட்டின் 1967-இல் வெளியிட்ட நூலிலேயே, தரையில் குறுக்குக் கோடுகள் இட்டால் இந்நோயாளிகள் நடை தேறுவதை விவரித்திருக்கிறார். நடக்கிற திசையிலேயே நீளமாக இழுத்த கோடு பயன்படாது. அடிக்கு அடி குறுக்கே, தரையின் நிறத்துக்கு எடுப்பான நிறத்தில் இருக்கவேண்டும். கோடில்லாத இடத்தில் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணினாலும், சீரான தாளமுள்ள பாட்டை முணுமுணுத்தாலும் பலருக்குக் கால் பெயர்கிறது.

இதை ஒரு சர்வரோக நிவாரணியாக நான் விற்கவரவில்லை. ஐரோப்பாவில் 153 நோயாளிகளுக்கு அவரவர் வீட்டிலேயே மூன்று வாரம் கோடு, தாளம் போன்ற குறிப்புகளைக் கொண்டு நடைப்பயிற்சி அளித்து 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நடை தேறியது உண்மை; பயிற்சியை நிறுத்திய ஆறு வாரத்தில் அந்த லாபம் பெரிதும் குறைந்ததும் உண்மை. சிலருக்கு ஒரே குறிப்பு நாளடைவில் பழகிப் பயனற்றுப்போகும். எல்லாருக்கும் எல்லாக் குறிப்பும் ஒத்துவராது. ஆகையால் நடைப்பயிற்சி வைத்தியர் ஒருவரைக் கலந்து, நோயாளிக்கேற்றதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஆனால் 'வயசாகிவிட்டது, நாற்காலியிலேயே இருக்கட்டும்' என்று கைகழுவுவதற்கு இது ஒரு சாக்கல்ல.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் நிலைவாசலில் நின்றுவிட்டால், தயவுசெய்து அவரை இழுக்காதீர்கள், அதட்டாதீர்கள். அவரை ஒரு கணம் நிதானமாக நிற்கவிட்டு, உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்துத் தாண்டச் சொல்லுங்கள். தாண்டிவிட்டாரானால், அன்று சாயங்காலமே அந்த வாசலில் வெள்ளைக் கோடுகள் இட்டுவிடுங்கள்.